தறிக்காரன் வீட்டுக்கு வந்த கிளவுட் பில்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில்தான் எழுதுகிறேன், ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஐ.டி. கம்பெனிகளில் இருக்கிறவர்களும், கல்லூரிகளில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவர்களும் கடைசி வரை படியுங்கள். மற்றவர்கள் வழக்கம்போல லைக் போட்டுவிட்டு நகர்ந்துகொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தை மாதக் கடைசியில் என் தம்பி போன் செய்தான். சோமனூர் பக்கம் 16 தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறவன். "ஏனுங்கக்கா, உங்க மருமக கம்ப்யூட்டர்ல என்னமோ வாடகைக்கு எடுத்தாளாமா. என்ற கார்டுல 38 ஆயிரத்துச் சொச்சம் போயிருச்சு. என்னன்னு கேட்டா அழுகறா. நீங்களாச்சும் வந்து கேளுங்க" என்றான். 2022-ல் கூலி உயர்வு கேட்டு வாரக்கணக்கில் தறிகள் நின்ற ஊர் அது. அங்கே மீட்டருக்குப் பைசாக் கணக்கில்தான் பேச்சு. 38 ஆயிரம் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் பஸ் ஏறிப் போனேன். பெண் இன்ஜினியரிங் கடைசி வருடம், கம்ப்யூட்டர் பிரிவு. கல்லூரிப் பெயர் வேண்டாம். புராஜெக்ட்டுக்காகக் கிளவுட்டில் மெஷின் வாடகைக்கு எடுத்திருக்கிறாள். "அத்தை, மெமரி பத்தலீங்க. பத்தலைன்னு பெரிய மெஷின் எடுத்தேன். அதுவும் பத்தலை. எட்டு மெஷின் எடுத்தேன். அதுவும் பத்தலீங்க" என்றாள்.

எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டாயா என்று கேட்டேன். போடவில்லை. யாரும் போடச் சொல்லவில்லையாம். "பிக் டேட்டான்னா டிஸ்ட்ரிபியூட்டட்லதான் பண்ணணும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

என் கோபம் அந்தப் பெண்மேல் இல்லை. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள் எட்டு மெஷினையும் நிறுத்த மறந்துவிட்டாள், ஒன்பது நாள் அவை சும்மா ஓடின, பில்லில் பெரும்பகுதி அதுதான். அது அவள் தப்பு, காதைத் திருகிவிட்டேன். ஆனால் எட்டு மெஷின்வரை அவளைக் கொண்டுபோய் நிறுத்திய படிப்பு இருக்கிறதே, அது யார் தப்பு? பத்தவில்லை என்றால் இன்னும் எடு, அதுவும் பத்தவில்லை என்றால் இன்னும் எடு. இதற்குப் பெயர் பொறியியலா?

நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 6, 7, 8 வகுப்புகளுக்குக் கணக்கு நடத்தி 2017-ல் ஓய்வு பெற்றவள். கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது. பெருக்கல் தெரியும். மூன்று ஞாயிற்றுக்கிழமை அவளோடு உட்கார்ந்தேன். சரவணம்பட்டியில் வேலை பார்க்கிற பழைய மாணவன் ஒருவன் போனில் பொறுமையாக விளக்கினான். கட்டுரைகளை அவள் வாசிக்க நான் குறிப்பெடுத்தேன். அந்தக் குறிப்பிலிருந்துதான் இந்தப் பதிவு.

முதலில் விஷயத்தைச் சொல்கிறேன், சொந்தக்காரர்களுக்கும் புரியட்டும். தென்கொரியாவின் கைஸ்ட் நிறுவன ஆய்வாளர்கள் 2009-ல் ட்விட்டரில் யார் யாரைப் பின்தொடர்கிறார்கள் என்று திரட்டி 2010-ல் வெளியிட்டார்கள். ஆட்கள் சுமார் 4.16 கோடி. தொடர்புகள் சுமார் 147 கோடி. ஆளைப் புள்ளி என்றும் தொடர்பைக் கோடு என்றும் வைத்துக்கொண்டால், இதுதான் கிராஃப். இதில் எந்தப் புள்ளி முக்கியமானது என்று கண்டுபிடிப்பது அவளுடைய புராஜெக்ட். கூகுளைத் தொடங்கிய இருவரும் 1998-ல் சொன்ன பேஜ்ரேங்க் என்ற முறை. ஒவ்வொரு புள்ளியும் தன் கையிலிருக்கிற மதிப்பைத் தான் பின்தொடர்கிறவர்களுக்குச் சமமாகப் பங்கு போட்டுக் கொடுக்கும். வந்த பங்குகளைக் கூட்டினால் புது மதிப்பு. இப்படி 20 சுற்று. அவ்வளவுதான், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

இனி மெமரி. ரேம் என்பது மேசை, டிஸ்க் என்பது பீரோ. மேசையில் இருப்பதை உடனே எடுக்கலாம், ஆனால் மேசை சின்னது. அந்த மேசையில் எது இருக்க வேண்டும், எது பீரோவிலேயே இருக்கலாம் என்று பிரிப்பதுதான் மொத்தப் பிரச்சினையும்.

பெருக்குவோம். ஒரு ஆளுக்கு ஒரு எண் கொடுத்தால் அதை எழுத 4 பைட் போதும். ஒரு கோட்டுக்கு இரண்டு முனை, 8 பைட். 147 கோடி கோட்டுக்கு 1,176 கோடி பைட். ஏறக்குறைய 12 ஜிபி. மதிப்புகள்? ஒரு புள்ளிக்கு 8 பைட் என்றால் 4.16 கோடிக்கு 33 கோடி பைட், அதாவது ஒரு ஜிபியில் மூன்றில் ஒரு பங்கு. பழைய மதிப்பு ஒன்று, புது மதிப்பு ஒன்று, இரண்டும் சேர்ந்து 0.67 ஜிபி. இந்த 0.67 மட்டும்தான் மேசையில் இருந்தாக வேண்டும், ஏனென்றால் எந்தக் கோடு வந்தாலும் அதன் இரண்டு முனையையும் உடனே புரட்டிப் பார்க்க வேண்டும். கோடுகளை எதற்கு மேசையில் கொட்டுவது? பீரோவிலிருந்து வரிசையாக ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தால் போதாதா?

அவள் என்ன செய்திருந்தாள்? கோடுகள் மொத்தத்தையும் மேசைமேல் கொட்டினாள். அதுவும் அப்படியே கொட்டவில்லை. அவளுடைய புரோகிராம் ஒவ்வொரு கோட்டையும் தனித்தனிக் கவரில் போட்டு, கவருக்கு முகவரி எழுதி, முகவரிக்கு ஒரு அட்டை எழுதி வைத்தது. இதை ஆப்ஜெக்ட் என்கிறார்கள். அளந்து பார்த்தோம். 8 பைட் போதும் என்ற இடத்தில் ஒரு கோட்டுக்கு 80 பைட். 12 ஜிபி சரக்கு 118 ஜிபி ஆனது. 16 ஜிபி மெஷின் செத்ததும் 64 ஜிபி மெஷின் செத்ததும் இதனால்தான். சரக்கு பெரிதில்லை, கவர்தான் பெரிது.

அடுத்து எட்டு மெஷின், ஆளுக்கு 32 ஜிபி, மொத்தம் 256. 118-ஐ ஏற்றிவிடலாம், ஏறியும்விட்டது. பிறகு ஏன் செத்தது?

இங்கேதான் பாலக் கணக்கு வருகிறது. என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு ஊர், நடுவில் ஆறு, ஏழு பாலம், ஒரு பாலத்தை ஒரு முறைதான் கடக்கலாம், எல்லாவற்றையும் கடந்து வர முடியுமா என்று சாக்பீஸில் வரைந்து கேட்பேன். அரை மணி நேரம் வகுப்பு அமைதியாக இருக்கும். முடியாது என்று 1736-ல் ஆய்லர் நிரூபித்தார். அவர் செய்த பெரிய வேலை என்ன தெரியுமா? ஊரில் வீடு, தெரு, சந்தை எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு நான்கு நிலப்பகுதியும் ஏழு பாலமும் மட்டும் வைத்துக்கொண்டார். அந்த ஆற்றின் பெயர் பிரெகெல். 2010-ல் கூகுள்காரர்கள் பெரிய கிராஃப்களைப் பல மெஷினில் பிரித்துக் கணக்குப் போடும் ஒரு முறையை வெளியிட்டபோது அதற்கு அந்த ஆற்றின் பெயரையே வைத்தார்கள். அவள் பயன்படுத்தியதும் அந்த வழியில் வந்த ஒன்றுதான்.

அந்த முறையில் ஒவ்வொரு புள்ளியும் மற்றப் புள்ளிகளுக்குக் கடிதம் போடும். எல்லாக் கடிதமும் போய்ச் சேர்ந்த பிறகு மணி அடிக்கும், அடுத்த சுற்று. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு கோட்டுக்கு ஒரு கடிதம், ஒரு சுற்றுக்கு 147 கோடிக் கடிதம். அவளுடைய அமைப்பில் ஒரு கடிதத்துக்கு 50 பைட், கவர் உட்பட. அது 73.5 ஜிபி. போன சுற்றில் வந்த கடிதங்களைப் படித்துக்கொண்டிருக்கும்போதே இந்தச் சுற்றின் கடிதங்கள் சேர்ந்துகொண்டிருக்கும். ஆகவே இரண்டு கட்டு, 147 ஜிபி. கோடுகளின் 118-ஐக் கூட்டுங்கள். 265. கையில் இருப்பது 256. முதல் சுற்று ஓடியது, அப்போது படிக்க வந்த கடிதம் ஏதுமில்லை. இரண்டாவது சுற்றில் செத்தது. ஏன் சரியாக இரண்டாவது சுற்றில் என்று அவளும் அவள் தோழிகளும் ஒரு வாரம் மண்டையை உடைத்திருக்கிறார்கள். ஒரு தாள், ஒரு பென்சில், ஐந்து நிமிடம்.

"அப்படின்னா ஒன்பதாவது மெஷின் எடுத்திருந்தா ஓடியிருக்குமே டீச்சர்" என்று ஒருவன் கமென்ட் போடப் போகிறான் என்று தெரியும். ஓடியிருக்கும். அந்தப் பெண்ணுக்கு ஏன் ஓடியது என்றும் தெரிந்திருக்காது, அடுத்த கிராஃப் வரும்போது ஏன் நின்றது என்றும் தெரிந்திருக்காது.

பிரித்துக் கொடுத்தால் வேலை குறையும் என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. நாங்கள் ஆசிரியர்கள் எல்லாரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போனவர்கள். நான் 1991, 2001, 2011 மூன்றுக்கும் போனேன். எனக்கு ஒரு பிளாக், கையால் வரைந்த ஒரு வரைபடம், சில நூறு ஆட்கள். இந்தியாவின் 121 கோடியை எந்தத் தலையிலும் ஏற்றவில்லை. என் பிளாக்கில் எண்ணி, சுருக்கப் பட்டியலில் கூட்டல் போட்டு மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். அவர் ஆறு பேருடையதைக் கூட்டி மேலே அனுப்பினார். இது அழகாகப் பிரியும். ஏனென்றால் இந்த வீட்டு எண்ணிக்கைக்கு அடுத்த வீட்டு எண்ணிக்கை தேவையில்லை.

கிராஃப் அப்படியில்லை. அதில் எண்ண வேண்டியதே உறவைத்தான். புள்ளிகளைக் குலுக்கல் போட்டு எட்டு மெஷினுக்குப் பங்கிட்டால், ஒரு கோட்டின் இரண்டு முனையும் ஒரே மெஷினில் விழ வாய்ப்பு எட்டில் ஒன்று. மீதி எட்டில் ஏழு பங்கு கோடுகள் மெஷின் விட்டு மெஷின் தாண்டும். பத்து மெஷின் என்றால் 90 சதவீதம் தாண்டும். நூறு என்றால் 99. மெஷினைக் கூட்டக் கூட்டக் கடிதப் போக்குவரத்து கூடுகிறது. சொந்தத்தை எட்டு ஊருக்குப் பிரித்து அனுப்பிவிட்டு, தினமும் எல்லாரும் எல்லாருக்கும் போன் போட வேண்டும் என்று சொல்கிற மாதிரி.

இதிலும் கணக்கெடுப்பு வழியைப் பாதி கொண்டுவரலாம். கூகுளின் அந்த 2010 கட்டுரையிலேயே இருக்கிறது. ஒரே புள்ளிக்குப் போகிற கடிதங்களை அனுப்பும் மெஷினிலேயே கூட்டி ஒரு கடிதமாக்கிவிடலாம். நான் சுருக்கப் பட்டியலில் கூட்டல் போட்டேனே, அதேதான். அப்படிச் செய்தால் ஒரு மெஷினிலிருந்து ஒரு புள்ளிக்கு அதிகபட்சம் ஒரு கடிதம். எட்டு மெஷினுக்கு அதிகபட்சம் 33 கோடி. 147 எங்கே, 33 எங்கே! அதற்கான வசதி அவள் பயன்படுத்திய அமைப்பிலேயே இருந்தது. ஒரு சில வரிதான் எழுத வேண்டும். யாரும் சொல்லித் தரவில்லை.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் யோகேஷ் சிம்ஹன், அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 2014-ல் கோஃபிஷ் என்று ஒன்றை வெளியிட்டார். ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகக் கடிதம் போடுவதற்குப் பதில், ஒரு மெஷினுக்குள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிற புள்ளிகளை ஒரு கூட்டமாக வைத்து, உள்ளே முடிக்க வேண்டியதை உள்ளேயே முடித்துவிட்டு, எல்லை தாண்டுவதற்கு மட்டும் கடிதம் போடுவது. பங்காளிச் சண்டையை வீட்டுக்குள் தீர்த்துவிட்டுப் பிறகு பஞ்சாயத்துக்குப் போ என்கிற மாதிரி. இது பக்கத்து ஊரில் நடந்த வேலை. எத்தனை கல்லூரியில் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்?

சரி, நாங்கள் என்ன செய்தோம்? எட்டு மெஷினையும் தலைமுழுகினோம். என் அண்ணன் மகன் தூக்கிப் போட்ட பழைய லேப்டாப், 8 ஜிபி ரேம், உள்ளே எஸ்எஸ்டி இருக்கிறது. கோடுகளை 8 பைட் வீதம் வரிசைப்படுத்தி ஒரு ஃபைலாக எழுதினாள், 12 ஜிபி. மதிப்புகள் மட்டும் ரேமில். கோடுகளை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்க வேண்டியது, கூட்ட வேண்டியது. 20 சுற்று. 26 நிமிடத்தில் முடிந்தது. பாவு ஓடும்போது என் தம்பி பார்ப்பானே, அப்படி நாங்கள் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். செலவு கரண்டு பில் மட்டும்.

அதைக் கொண்டுபோய் ரிவ்யூவில் காட்டியிருக்கிறாள். கமிட்டி சொன்னது: "இது ஒரே மெஷின்லதான ஓடுது? டிஸ்ட்ரிபியூட்டட் இல்லையே. ஸ்கேல் ஆகாது. கிளஸ்டர்ல திருப்பிப் பண்ணிட்டு வாம்மா."

இதைக் கேட்டுவிட்டுத்தான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன்.

கமிட்டியில் இருந்த பெரியவர்களே, உங்களில் என்னிடம் படித்தவர் யாராவது இருந்தால் இன்னும் நல்லது. 2015-ல் மெக்ஷெர்ரி, ஐசர்டு, மர்ரே என்ற மூன்று பேர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். ஸ்கேல் ஆகிறது என்கிறீர்கள், என்ன விலைக்கு என்று தலைப்பிலேயே கேட்டார்கள். எடுத்துக்கொண்டது இதே ட்விட்டர் கிராஃப், இதே 20 சுற்று. 128 கோர் கொண்ட அமைப்புகளில் ஜிராஃப் 596 விநாடி, கிராஃப்எக்ஸ் 419 விநாடி. ஒரு லேப்டாப்பில் ஒரே ஒரு இழையில் ஓடிய எளிய புரோகிராம் 300 விநாடி. கிராஃப்லேப் என்ற ஒன்று மட்டும் 249 விநாடியில் முந்தியது. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்கவில்லை. ஆனால் 128 கோர் வைத்துக்கொண்டு 51 விநாடி முந்துவதா சாதனை? கோடுகளை அடுக்கும் வரிசையைப் புத்திசாலித்தனமாக மாற்றி, அவற்றை ரேமிலேயே வைத்தபோது அதே ஒற்றை இழை 110 விநாடிக்கு வந்துவிட்டது.

இன்னொரு கணக்கும் போட்டார்கள். எந்தப் புள்ளிகள் ஒரே துண்டாகச் சேர்ந்திருக்கின்றன என்று கண்டுபிடிப்பது. கிராஃப்எக்ஸ் 251 விநாடி. லேப்டாப்பில் அதே முறை 153. முறையையே மாற்றினார்கள், எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிற பழைய யூனியன்-ஃபைண்ட். 15 விநாடி. புள்ளிகள் தங்களுக்குள் கடிதம் போட்டுத்தான் பேச வேண்டும் என்ற கட்டுப்பாட்டுக்குள் அந்தப் பழைய முறை எளிதில் நுழையாது. அமைப்பைத் தேர்ந்தெடுத்த அன்றே யோசனைக்கும் வேலி போட்டாகிவிட்டது.

அதற்கும் முன்னால், 2012-ல், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கிராஃப்சை என்று ஒன்று. மேசை சின்னது என்பதை ஒப்புக்கொண்டு, கிராஃபைத் துண்டு துண்டாகப் பீரோவிலிருந்து வரிசை குலையாமல் எடுத்துப் பார்க்கும் முறை. 8 ஜிபி ரேம் உள்ள ஒரு மேக் மினி பெட்டி. ட்விட்டர் கிராஃபில் மூவர் மூவராக ஒருவரையொருவர் அறிந்தவர்கள் எத்தனை, அதாவது எத்தனை முக்கோணம் என்ற கணக்கை 90 நிமிடத்துக்குள் முடித்தது. அதற்கு முன் அதே கணக்கை ஹடூப்பில் 1,636 மெஷின் வைத்து 423 நிமிடத்தில் முடித்திருந்தார்கள். எண்களைத் திரும்பப் படியுங்கள். எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை, அம்மிணியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன்.

முக்கோணம் ஏன் அவ்வளவு கஷ்டம் என்றால், 1,000 பேரைத் தெரிந்த ஒருவரிடம் 4,99,500 ஜோடி இருக்கிறது. 10 லட்சம் பேர் பின்தொடர்கிற ஒரு நடிகரை எடுத்தால் ஜோடிகள் 50,000 கோடி. புள்ளிகளைச் சமமாகப் பங்கிட்டாலும் அந்த ஒரு புள்ளி விழுந்த மெஷின் மூச்சுத் திணறும், மற்றவை கைகட்டி நிற்கும். காந்திபுரத்தில் நெரிசல் என்றால் எத்தனை பஸ் கூடுதலாக விட்டாலும் எல்லாம் காந்திபுரத்துக்குத்தானே வந்து சேரும்.

முகநூலில் இருக்கிறோம், அதனால் இதையும் கேளுங்கள். 2011-ல் மிலன் பல்கலைக்கழகத்தாரும் ஃபேஸ்புக்காரர்களும் சேர்ந்து, இதில் இருக்கிற இருவருக்கிடையே சராசரியாக எத்தனை படி என்று கணக்கிட்டார்கள். 72.1 கோடிப் பேர், 6,900 கோடி நட்பு. விடை 4.74. எத்தனை மெஷின் என்று நினைக்கிறீர்கள்? ஒன்று. 24 கோர், 72 ஜிபி ரேம். நட்புப் பட்டியலைச் சுருக்கி எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் யார் யாரையெல்லாம் எட்ட முடியும் என்ற முழுப் பட்டியலை வைக்காமல், தோராயமான எண்ணிக்கையை மட்டும் சில பைட்டுகளில் வைத்தார்கள். எது தேவையில்லை என்று கண்டுபிடித்ததுதான் அங்கே அறிவு. ஆய்லர் வீடுகளைத் தூக்கி எறிந்த மாதிரி.

எதிர்ப்பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பல மெஷின் தேவைப்படுகிற இடம் உண்டு. 2013-ல் ஃபேஸ்புக் ஒரு லட்சம் கோடிக் கோடுகள் கொண்ட கிராஃபில் இதே பேஜ்ரேங்க் ஓட்டியது, 200 மெஷின், சுற்றுக்கு நான்கு நிமிடத்துக்குள். 8 பைட் வீதம் பெருக்கினால் 8,000 ஜிபி. எந்த லேப்டாப்பிலும் நடக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே அவர்கள் என்ன செய்தார்கள் என்றும் படியுங்கள். ஜிராஃபை அப்படியே எடுத்து ஓட்டவில்லை. கவர் கவராக இருந்த கோடுகளைக் கவரைப் பிரித்து வெறும் பைட் வரிசையாக அடுக்கினார்கள். கடிதங்கள் மேசையில் அடங்காத கணக்குகளில் ஒரு சுற்றையே பல சிறு சுற்றுகளாக வெட்டி, இந்த நேரத்தில் இந்தப் பகுதிக்கு மட்டும் கடிதம் போடு என்று வைத்தார்கள். அவ்வளவு காசு இருக்கிற கம்பெனியே பைட்டை எண்ணுகிறது. சோமனூர்ப் பெண்ணுக்கு எண்ணச் சொல்லித் தர மாட்டார்களாம்.

"ரேம் விலை குறைவு, மனுஷன் நேரம்தான் விலை அதிகம்" என்று என் சரவணம்பட்டி மாணவனே சொன்னான். ஏன் கண்ணு, விலை குறைவு என்றால் 38 ஆயிரம் எப்படி வந்தது? அவன் கம்பெனி பில்லை அவன் பார்ப்பதே இல்லை, அதனால் அவனுக்குக் குறைவு. தம்பி வீட்டில் பில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. நேரம் என்கிறாயே, அவள் எட்டு மெஷினை அமைக்கவும் அவை ஒன்றோடொன்று பேச வைக்கவும் மூன்று வாரம் போயிருக்கிறது. லேப்டாப் புரோகிராம் ஒன்றரை நாள்.

இது ஒரு புராஜெக்ட் மார்க் விவகாரம் மட்டும் இல்லை. 2017 ஜூலை 1-லிருந்து ஜி.எஸ்.டி. வந்ததே, நம் ஊர்த் தறிக்காரன், சாயப்பட்டறைக்காரன், திருப்பூர் பனியன் கம்பெனி, நூல் மில் எல்லாரும் அந்தக் கிராஃபில் புள்ளிகள். ஒவ்வொரு பில்லும் ஒரு கோடு. சரக்கே இல்லாமல் 'அ' 'ஆ'வுக்கும், 'ஆ' 'இ'க்கும், 'இ' திரும்ப 'அ'வுக்கும் பில் போட்டு வரிக்கடன் எடுக்கிறார்களே, அதைப் பிடிப்பது கிராஃபில் வட்டம் தேடுகிற வேலை. ஐதராபாத் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் தெலங்கானா வணிகவரித் துறையோடு சேர்ந்து இதைச் செய்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். நாளைக்கு இந்த மாதிரி அலுவலகங்களில் உட்காரப் போவது உங்கள் மாணவர்கள்தான். அங்கே 1,636 மெஷின் கிடைக்காது. இருக்கிற இரண்டு சர்வரில் கணக்கை அடக்கத் தெரிந்தவன் வட்டத்தைப் பிடிப்பான். வாடகைக்கு எடுக்க மட்டும் தெரிந்தவன் நிதி ஒதுக்கீடு கேட்டுக் கோப்பு போட்டுக்கொண்டிருப்பான். அதுவரைக்கும் ஒழுங்காக வரி கட்டுகிற என் தம்பி மாதிரி ஆட்கள்தான் அந்தப் பணத்தையும் சேர்த்துக் கட்டுவார்கள்.

ஆகவே கமிட்டிகளில் உட்கார்கிற என் பிள்ளைகளிடம் கேட்கிறேன், உத்தரவாகவே வைத்துக்கொள்ளுங்கள். புராஜெக்ட் தாளின் முதல் பக்கத்தில் எத்தனை புள்ளி, எத்தனை கோடு, ஒன்றுக்கு எத்தனை பைட், எது மேசையில், எது பீரோவில் என்று எழுதச் சொல்லுங்கள். அந்தக் கணக்கு ஒரு மெஷினில் அடங்கவில்லை என்று காட்டுகிற பிள்ளைக்குக் கிளஸ்டர் கொடுங்கள், கல்லூரிச் செலவில் கொடுங்கள். அடங்குகிறது என்று காட்டுகிற பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள். நான் சொன்ன எண்ணில் தப்பு இருந்தால் கமென்டில் எண்ணோடு வாருங்கள். "காலம் மாறிருச்சு டீச்சர்" என்று மட்டும் வராதீர்கள், பெருக்கல் வாய்ப்பாடு இன்னும் மாறவில்லை.

திங்கட்கிழமை அவளுக்கு இரண்டாவது ரிவ்யூ. கிளஸ்டரில் திருப்பிச் செய்யவில்லை. லேப்டாப்பும், நாங்கள் கூட்டிப் பெருக்கிய அந்த ஒற்றைத் தாளும் எடுத்துக்கொண்டு போகிறாள். 118, 147, 265, 256 என்று நான் சிவப்பு மையில் வட்டமிட்ட தாள். நேற்றுத் தம்பிக்கும் அதை விளக்கிக் காட்டினேன். தறிச் சத்தத்தில் பாதி கேட்டிருக்காது. முழுக்கப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"அப்ப அந்த எட்டு மெசினும் ஒம்பது நாளா என்னத்த நெஞ்சுதுங்கக்கா?"